வேலியோரத்து வசவு

இதை எனக்கு முதலில் சொன்னது பழத்தோட்டக்காரர் மனைவி. பிரார்த்தனைக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள். போன வெள்ளிக்கிழமை பாட்டெல்லாம் முடிந்து, அவரவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அவள் வீட்டுக்காரருக்கு மில் சங்கு மாதிரி குரல். தெருவில் பட்டப்பெயரே 'சங்கு'தான். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற இடம் தெரியாது. மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் என்ன வருமோ, இவளைத் தோட்டத்து வேலியோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி வைத்துத் திட்டுவார்.

"நாளைக்கு விடிஞ்சதும் மருந்து அடிக்க ஆள் வருதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தொட்டியை மூடினியா? கொடியில துணியை எடுத்தியா? பொழுது சாஞ்சதும் எல்லாத்தையும் மூடி வைக்கணும்னு ஒரு அறிவு வேணாம்?"

"எல்லாம் மூடியாச்சுங்க."

"என்னது? காதுல விழல!"

மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கூடப் பிறந்த தம்பி வீடு. தேனீ வளர்க்கிறவர். தம்பி காதில் விழட்டும் என்றே தன் மானத்தை வாங்குகிறார் என்று இவளுக்கு அழுகையாக வரும். ஓரகத்தி முகத்தில் எப்படி விழிப்பது?

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம். அந்த வருஷம் மரமெல்லாம் பூத்திருந்த சமயம், நட்டநடுப் பகலில் இவர் மருந்தடித்துவிட்டார். பூவுக்குப் போன தேனீயில் பாதி திரும்பவே இல்லை. திரும்பினது பெட்டி வாசலில் நடுங்கி நடுங்கி விழுந்து செத்தது. தம்பி முறம் முறமாக அள்ளினார். இருபது பெட்டியில் மிஞ்சினது எட்டு.

"நீ அண்ணனா, எமனா?" என்று கேட்டுவிட்டார் தம்பி.

"இனிமே உன்கிட்டப் பேச்சும் கிடையாது, போனும் கிடையாது, ஆள் தூதும் கிடையாது. சத்தியம்!" என்றார் அண்ணன். அந்தக் குரலுக்கு ஊரே சாட்சி.

இதுவரை கேட்டதும் எனக்கே பொறுக்கவில்லை. "கவலைப்படாதேம்மா. அவருக்கு நல்ல புத்தி வரணும்னு நானும் வேண்டிக்கறேன்" என்றேன்.

"முழுக்கக் கேளுங்கக்கா" என்றாள்.

போன வாரம் சங்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இவள் அன்றைக்குக் கடவுளுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாளாம்.

மறுநாள் விடியற்காலை மருந்தடிக்க ஆள் வருகிற ஏற்பாடு. இலையெல்லாம் பூச்சி விழுந்து சுருண்டு கிடந்தது, தள்ளிப்போட முடியாது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து மனுஷன் இருப்புக்கொள்ளாமல் நடக்கிறார். திடீரென்று இவள் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துக்கொண்டு போனார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

சட்டைப்பையிலிருந்த டாக்டர் சீட்டை எடுத்து, பின்பக்கம் கிறுக்கி நீட்டினார்.

'நீ என்னைத் திட்டு. சத்தமா.'

"எதுக்குங்க? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

மறுபடியும் கிறுக்கினார். 'நாளைக்கு மருந்துன்னு சொல்லித் திட்டு. எட்டுப் பெட்டியும் திறந்திருக்கு.'

இவள் சீட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷத்து வசவும் ஒன்றொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. எல்லாவற்றிலும் நாள் இருந்தது, நேரம் இருந்தது, 'மூடு' இருந்தது.

"அடப் பாவி மனுஷா! இதை என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

'சொன்னா நீ தூது ஆயிடுவே. சத்தியம் போயிடும். இப்ப வேற வழியில்ல.'

இவளுக்கு வந்ததே கோபம்!

"ஏங்க! நாளைக்கு விடிஞ்சதும் மருந்து அடிக்க ஆள் வருதே, உங்களுக்கு ஏதாவது அக்கறை இருக்கா? பொழுது சாஞ்சதும் எல்லாத்தையும் மூட வேணாமா? தொண்டை கட்டிக்கிட்டா பொறுப்பும் கட்டிக்குமா? ஊர் கேட்க ஒரு பொம்பளையை வருஷக்கணக்கா நிக்க வச்சுத் திட்டினீங்களே, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?"

சீட்டில் இல்லாததும் சேர்ந்து வந்தது. அவர் கோபப்படவில்லை. 'இன்னும் சத்தமா' என்று கையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் வாளியில் சாக்கு நனைக்கிற சத்தம் கேட்டது. இருட்டும்போது தேனீ எல்லாம் உள்ளே அடைந்ததும், பெட்டி வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போடுவார்களாம். மருந்து வாடை போகிற வரைக்கும் வெளியே விடமாட்டார்களாம்.

சங்கு அப்போதுதான் மூச்சு விட்டார்.

இவர்கள் வீட்டுக்குத் திரும்பி நாலு அடி வைத்திருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி குரல் கிளம்பியது. அண்ணனுக்குக் கொஞ்சமும் சளைத்த குரல் இல்லை.

"அடியே! தொண்டை கட்டினா வெந்நீர்ல தேன் கலந்து மூணு வேளை குடிக்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? வேலிக்கம்பத்து மேல புதுத் தேன் ஒரு பாட்டில் வச்சிருக்கேன். அறிவிருந்தா எடுத்துக் குடி!"

"எனக்குத் தொண்டை நல்லாத்தானேங்க இருக்கு?" என்றாளாம் ஓரகத்தி.

நீங்களும் செடிக்கு மருந்து அடிக்கிறவராக இருந்தால், முந்தின நாளே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.