ஒரு ஊதுபத்தி நேரம்

ஹூவே நகரத்தின் மத்தியான வெயிலில், பாக்குமரங்களின் நிழல் அவற்றின் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. லுவாவின் வீட்டுக் கூடத்தில் தினசரிப் படையல் மேசை. போன வருடம் இறந்த கணவரின் படத்துக்கு முன்னால் ஆவி பறக்கும் சோறு, மண்சட்டியில் சுண்டிய மீன், வாழையிலையில் மடித்த இறால் அடை, சாப்பிடும் குச்சிகள் ஒரு ஜோடி. லுவா ஊதுபத்தியைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறாள். எதிரே, சுற்றுலாக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் தூய், மடியில் தாளும் பென்சிலுமாக. வெளிநாட்டு விருந்தாளிகளை எந்தெந்த வீட்டில் சாப்பிட வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டு வருகிறாள். வாரம் மூன்று நாள் ஆள் வரும் என்கிறாள். லுவாவுக்கும் ஆசைதான். இரண்டு பேருக்கும் பசி; ஆனால் பத்தி எரிந்து முடிந்து, அவர் சாப்பிட்டாயிற்று என்றான பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். மீன் வாசனை கூடத்தைச் சுற்றி வருகிறது. பத்தியின் சாம்பல் உதிராமல் சுருள்கிறது. தூய் கைபேசியில் நேரம் பார்க்கிறாள். “அக்கா, விருந்தாளிங்களப் பன்னெண்டுக்கு உக்கார வெச்சாத்தான் ஒரு மணிப் படகப் பிடிக்க முடியும். அவங்களுக்காகப் பத்தியப் பாதியா ஒடிச்சு ஏத்தலாமா?”

லுவா படத்தைப் பார்க்கிறாள். “உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் ஒவ்வொரு முள்ளா எடுத்து வெச்சுத்தான் சாப்பிடுவாரு. அவசரப்படுத்தினா பாதியில எந்திரிச்சிடுவாரு. இப்பப் படகுக்காரனுக்காகவா மாறப்போறாரு? முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கம்மா.”

பத்தி விரல் நீளத்துக்குக் குறைகிறது. புகை படத்தின் கண்ணாடியைத் தொட்டுவிட்டு மேலே போகிறது. தாளில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததைத் தூய் நிதானமாக அழிக்கிறாள். நேரம் குறிக்கும் அந்தக் கட்டத்துக்குள், ‘வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்ததும்’ என்று எழுதுகிறாள்.