மேலே வராத ஆள்

"இன்னா டீச்சர், இன்னிக்கும் ஃபாரத்தத் தூக்கிக்கினு வந்துட்டீங்களா?"

கதவைத் திறந்த சௌந்தரராஜனை ஈவ்லின் ஏற இறங்கப் பார்த்தாள். கசங்கிய லுங்கி. இரண்டு மாதமாகக் கத்தி படாத தாடி.

"முதல்ல இந்தத் தாடிய எடுங்கண்ணே. நாலு பேர் வந்து போற வீடு."

"நாலு பேர் எங்க வராங்க? புதன்கிழமையானா நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க."

உண்மைதான். ஈவ்லின் உள்ளே போய் டிபன் கேரியரை மேசைமேல் வைத்தாள்.

கோலார் தங்கவயலில் வீடு வீடாகப் போய் மனக்கஷ்டம் கேட்கும் குழு ஒன்றை நளினி நடத்திவந்தாள். பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளை, பிள்ளை பெற்று வந்த பெண், பென்ஷன் வாங்கும் கிழவர், யாராக இருந்தாலும் சரி. இரண்டு மாதத்துக்கு முன் அவளே ஈவ்லின் வீட்டுக்கு வந்து கெஞ்சினாள்.

"பெரியவங்களப் பாக்க ஆள் பத்தல டீச்சர். ஸ்கெலட்டன் லைன் குவார்ட்டர்ஸ்ல ஒருத்தர் இருக்காரு. மைன்ஸ் டைம் ஆபீஸ்ல இருந்தவர். சம்சாரம் போனதுலேர்ந்து யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசறதில்ல. நீங்க போனா பேசுவாரு."

ஈவ்லின் ரிட்டயரான டீச்சர். நளினி கேட்டதைத் தட்ட முடியவில்லை. இரண்டு நாள் பயிற்சி முடித்து ஃபைலும் கையுமாகக் கிளம்பிவிட்டாள்.

ஐந்து புதன் போயாயிற்று. படிவத்தில் பெயரும் வயதும் தவிர ஒரு கட்டமும் நிரம்பவில்லை. இன்று ஆறாவது. ஆறு வாரத்தில் ஆள் வாய் திறக்காவிட்டால் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும் என்பது குழுவின் விதி. புதன்கிழமை இல்லாத வாரத்தை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. பாவம், அந்த மனுஷனுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தூக்கம் எப்படி?"

"படுத்தா தூங்கிடுவேன். நீங்க?"

"நான்தான் கேக்கணும். நீங்க கேக்கக் கூடாது. பசி?"

"கேரியர்ல இன்னா கீது?"

"மீன் குழம்பு."

"அப்ப பசிக்குது. நீங்க சாப்ட்டீங்களா?"

"ரெண்டு தோசை சாப்ட்டுதான் வந்தேன். பேச்ச மாத்தாதீங்க!"

அவர் தன் நீள நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

"அதுல அப்படி இன்னாதான் எழுதுறீங்க?"

"பழைய பழக்கம் டீச்சர். சுரங்கத்துல கீழ இறங்குற ஆளுக்கெல்லாம் டோக்கன் குடுப்போம். ஷிஃப்ட் முடிஞ்சு கேஜ் லிஃப்ட்ல ஏறி மேல வந்தா திருப்பிக் குடுக்கணும். மேல வராத ஆள் யாருன்னு பாக்கறதுதான் என் வேலை. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நோட்ட மூடக் கூடாது."

"மைன்ஸையே மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஆளுங்க இருக்காங்களே."

இன்னும் அந்தக் காலத்தை விட்டு வெளியே வராமல் இருக்கிறாரே என்று ஈவ்லினுக்குப் பரிதாபமாக இருந்தது.

நம் கதையில் கொஞ்சம் சொன்னால் எதிரில் இருப்பவரும் தன் கதையை எடுப்பார் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதையும் ஒன்றுவிடாமல் செய்துபார்த்துவிட்டாள். பெங்களூர் ரயிலிலேயே கணவர் ஸ்டீவனுக்கு நெஞ்சு அடைத்துப்போனதைச் சொன்னாள். எட்டு மாதமாகியும், மாதம் தவறாமல் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய், செத்துப்போன புருஷனின் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதையும் சொன்னாள். மகள் கரோலினுக்குக்கூடத் தெரியாத விஷயம். அவள் கதை முழுதும் தீர்ந்துபோனதே ஒழிய, இவர் கதை தொடங்கவே இல்லை.

"இந்த மாச சீசன் எடுத்தாச்சா டீச்சர்?"

ஈவ்லின் பேனாவைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கிழமையோட முடிஞ்சுபோச்சு. எடுக்கல."

"ஏன்?"

"உங்களுக்கு மீன் வாங்கணும்னு ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். அப்புறம்... ஞாபகமே வரலண்ணே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கண் கலங்கும் என்று பார்த்தாள். கலங்கவில்லை.

சௌந்தரராஜன் நோட்டில் இரண்டு வரி எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு மூடினார்.

"தட்டு எடுத்துட்டு வரேன். முள்ளு நிறைய இருக்கிற மீனா?"

மறுநாள் காலை முதல் வேலையாக, நளினியின் மேசைமேல் வெற்றுப் படிவத்தை வைத்தாள் ஈவ்லின்.

"நான் தோத்துட்டேன் நளினி. ஆறு வாரத்துல தன்னப் பத்தி ஒரு வார்த்தை பேசல. தாடியக்கூட எடுக்க வைக்க முடியல. ஆனா கைவிட்டுடாதம்மா. இன்னும் ஆறு வாரம் குடு."

"புதன்கிழமை நீங்க தாராளமா போங்க டீச்சர். அவருக்கும் மீன் குழம்பு பழகிப்போச்சு." நளினி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள். "நேத்து ராத்திரியே வந்து, இத உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னாரு."

அந்த நீள நோட்டு. ஈவ்லின் ரப்பர் பேண்டைக் கழற்றி முதல் பக்கத்தைப் பிரித்தாள். குண்டு குண்டான எழுத்து.

"ஆலோசகர்: சௌந்தரராஜன். ஆலோசனை பெறுபவர்: ஈவ்லின் டீச்சர். மகள் கரோலின் கேட்டுக்கொண்டது. 'எனக்கென்ன பைத்தியமா' என்று வர மறுத்ததால், தொண்டராக என்னிடம் அனுப்பப்படுகிறார்."

அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினாள்.

"ஆறாம் வாரம்: இரண்டு தோசை சாப்பிட்டிருக்கிறார். சீசன் டிக்கெட் எடுக்கவில்லை. ஆள் மேலே வந்தாச்சு. வேஷத்துக்கு வளர்த்த தாடியை நாளைக்கு நான் ஷேவ் பண்ணிக்கொள்ளலாம்."