உடைத்தவள் எங்கே?

இதை நான் நேரில் பார்க்கவில்லை. துறைமுகத்துப் பேக்கரியில் ரொட்டி அடுக்கும் மால்தே சொன்னது.

"விடு அவரை! கொன்னுடாதே!"

போடில் கத்திக்கொண்டே பேக்கரிக்காரி ரூனாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் நின்றவர்கள் கையில் வரிசை எண் சீட்டோடு உறைந்துபோய் நின்றார்கள்.

தரையில் கிடந்தவர் போடிலின் கணவர் விகோ. சனிக்கிழமை தவறாமல் மனைவியோடு கசகசா பன் வாங்க வருபவர். சற்றுமுன்தான், "ஏம்மா ரூனா, இது இன்னிக்குச் சுட்டதா, என் கல்யாணத்தன்னிக்குச் சுட்டதா?" என்று தன் பழைய ஜோக்கைச் சொன்னார். வழக்கம்போல அவர் மட்டும் சிரித்தார். அப்படியே சரிந்தார்.

கவுண்டரைச் சுற்றி ஓடிவந்த ரூனா தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அசைவில்லை. மூச்சும் இல்லை. நடு மார்பில் கை மேல் கை வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டாள்.

மளுக்கென்று ஒரு சத்தம். அவள் கைக்கடியில்.

"எலும்பை உடைச்சிட்டா! மாவா பிசையறே, மாவா?" என்று கத்தினாள் போடில்.

ரூனாவின் கை ஒரு நொடி தயங்கியது.

அவசர உதவி எண்ணை அழைத்திருந்த மால்தே போனில் அலறினான். "ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சுங்க!"

"உடைஞ்சா ஒட்டிக்கும். நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றது போன்.

"கையை எடுங்க, போடில். நான் நிறுத்த மாட்டேன்."

இன்னொரு சத்தம். ரூனா அழுதாள். ஆனால் அழுத்துவதை விடவில்லை.

வரிசையிலிருந்து ஒரு மீனவர் வந்து மண்டியிட்டார். "மூச்சு வாங்கிக்கோ. கொஞ்ச நேரம் நான்."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து இறங்கும்வரை இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள்.

மறுநாள் ரூனா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"பிழைச்சிட்டாரா?"

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்ல. பேக்கரி."

"அப்படின்னா சொல்ல முடியாதுங்க."

அடுத்த சனிக்கிழமை விகோ வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மாவில் கை வைக்கும்போதெல்லாம் ரூனாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை போடில் வந்தாள். தனியாக. கறுப்புக் கோட்டு. வரிசைச் சீட்டுகூட எடுக்கவில்லை.

"என் புருஷன் எலும்பை உடைச்சவ எங்கே?"

"பின்பக்கமா ஓடிடு" என்று மால்தே கிசுகிசுத்தான்.

ரூனா மாவு படிந்த கையோடு முன்னால் வந்து நின்றாள். "நான்தான். எத்தனை எலும்பு?"

"நாலு." போடில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சிரிச்சா வலிக்குதுன்னு வீடே அதிரக் கத்துறாரு மனுஷன்."

கத்துறாரு. ரூனாவுக்கு அது உறைக்க ஒரு கணம் ஆயிற்று.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவர் ஜோக்குக்கு நான் சிரிச்சதே இல்ல. இப்ப தினமும் நானே அவருக்கு ஒரு ஜோக் சொல்றேன். அவர் கத்துறதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது." போடில் அந்த மாவுக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். "உனக்கு ஏதாவது ஜோக் தெரியுமாடி? என்கிட்ட இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு."

முறிந்த விலா எலும்பு சில வாரங்களில் தானே கூடிவிடுமாம்; ஒரு மருத்துவரிடம் பிறகு கேட்டு உறுதி செய்துகொண்டேன். நின்ற இதயம்தான் தானாக ஓடாதாம்.