கல்யாணப் பலகையில் இரங்கல்

"கல்யாண மண்டபத்து வாசல்ல 'ஆழ்ந்த இரங்கல்'னு பலகை நிக்குதாம்! உனக்கு அறிவிருக்காடா?"

முதலாளியம்மா இபு தியுர்மா போட்ட சத்தத்தில், இந்தோனேசியாவின் மேடான் நகரத்து அந்தப் பூப்பலகைக் கடையே அதிர்ந்தது. கல்யாணமோ சாவோ, வாசலில் வாழ்த்தோ இரங்கலோ எழுதிய ஆளுயரப் பூப்பலகை நிற்காவிட்டால் அந்த ஊரில் மரியாதை இல்லை. கடையின் வெப்சைட்டில் பெயரைக் கொடுத்தால் போதும், வாசகம் தானாக அச்சுக்குப் போய்விடும். அந்த வெப்சைட்டைச் செய்த ஜோங்கி தலைகுனிந்து நின்றான்.

போன் ஸ்பீக்கரில் பெண்ணின் அப்பா பாக் பின்சார் கத்திக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வண்டிய விட்டே இறங்க மாட்டேங்கறாங்க. அபசகுனமாம்! இந்தக் கல்யாணம் மட்டும் நின்னுச்சு, உங்க கடையை இழுத்து மூடிடுவேன்!"

போன் கட்டானது.

"எப்படிடா வந்துச்சு அந்த வரி? சொல்லித் தொலை!"

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டெம்ப்ளேட், இபு. தலைப்பு, வாழ்த்து, கடைப்பேரு எல்லாம் தனித்தனி ஃபைல். பக்கம் திறக்கும்போது அதையெல்லாம் உள்ள இழுத்துக்கும். கல்யாண வாழ்த்து ஃபைல்ல இரங்கல் வரியைப் போட்டுட்டேன். என் தப்புதான்."

"கல்யாணத்துக்குத் தனி, சாவுக்குத் தனின்னு ஒவ்வொரு பக்கமா எழுதுடான்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? 'ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும், இபு'ன்னு பெரிய மேதாவியாட்டம் பேசினே. இப்ப நாறுது பாரு!"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் இன்று எல்லாவற்றையும் பேசாமல் வாங்கிக்கட்டிக்கொண்டான். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? போடா வெளியே! இனிமே இந்தக் கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே!"

வேலை போனதற்கு ஒரு வார்த்தை கெஞ்சக்கூட இல்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"திமிரைப் பாரு!" என்று பல்லைக் கடித்தவள், அச்சு பார்க்கும் ராமோஸிடம் திரும்பினாள். "இன்னிக்குப் போன கல்யாணப் பலகை எல்லாத்தையும் திருப்பிக் கொண்டா. ஊரே காறித் துப்புறதுக்குள்ள ஓடு!"

"எல்லா மண்டபத்துக்கும் போன் போட்டுட்டேன், இபு. மத்தது எல்லாத்துலயும் 'மணமக்கள் வாழ்க'ன்னுதான் இருக்காம். பின்சார் வீட்டுப் பலகை மட்டும்தான் மாறியிருக்கு."

"அதெப்படி? எல்லாத்துக்கும் ஒரே ஃபைல்னானே! கெட்டா எல்லாமே இல்ல கெட்டிருக்கணும்?"

அரை மணி நேரத்தில் மறுபடி போன் அடித்தது. இந்த முறை பாக் பின்சார் கத்தவில்லை.

"இபு... பலகைத் தகராறுல நாங்க எல்லாரும் வாசல்லயே நின்னுட்டோம். உள்ள போய்ப் பார்த்தா என் பொண்ணு மெல்வாவைக் காணோம். பின்வாசல்ல ஒரு பைக் வந்து கூட்டிட்டுப் போச்சாம். ஓட்டினவன் உங்க கடைச் சட்டை போட்டிருந்தானாம்."