விமர்சகர் பார்த்த ஓபரா

பெர்கன் நகர ஓபரா அரங்கில், கையில் குச்சியோடு வாத்தியக்காரர்களையும் பாடகர்களையும் வழிநடத்தும் இசை நடத்துநர் பதவிக்கு அன்று நேர்காணல். போட்டியில் மிஞ்சியவர்கள் இருவர்தான்: சிக்னே என்ற பெண்ணும், ரூனே என்ற இளைஞனும்.

முதலில் சிக்னேயை அழைத்தார்கள். கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தேர்வுக் குழுவில் இருந்த பத்திரிகை விமர்சகர் ப்ரெக்கே, காலையில் வெளியான தன் விமர்சனத்தை அவள் முகத்துக்கு நேராகவே படித்தார்.

"நேற்றிரவு சிக்னேயின் கை நடுங்கியது. வாத்தியங்கள் ஒரு பக்கம், பாடகர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள். பெண்ணின் தோளுக்கு இந்தப் பாரம் அதிகம்."

படித்து முடித்த ப்ரெக்கே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதம்மா. கரண்டி பிடிக்கிறது வேற, இந்தக் குச்சியைப் பிடிக்கிறது வேற. நம்ம ரூனே நடத்தியிருந்தா சபையே எழுந்து நின்னிருக்கும்!"

"முழுசா இருந்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார் அரங்கின் இயக்குநர் டாக்னி அம்மையார்.

"என்னங்க கேள்வி இது? திரை ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன்."

சிக்னே கம்மிய குரலில் சொன்னாள்: "நேத்து எனக்குக் கடுங்காய்ச்சல் சார். படுக்கையை விட்டே எழுந்திருக்கல. திரை ஏறுறதுக்கு முன்னாடி மேடையிலேயே அறிவிச்சாங்களே?"

ப்ரெக்கேயின் கையில் பத்திரிகை மெல்ல மடிந்தது. "அப்போ... நடத்தினது யாரு?"

"ரூனே," என்றார் டாக்னி. "உங்க விமர்சனத்தை அப்படியே ஏத்துக்கிறோம் சார். நேத்து நடத்தினவருக்கு இந்த வேலை வேண்டாம்."