முதல் துண்டு

“இதுக்குப் பேர்தான் மனுசத்தன்மை!” என்று சிவராசா மாமா ரீவியை விரலால் குத்தினார்.

ரீவியில் மாமா. அதற்கு முந்தின நாற்பத்தேழு படங்களிலும் மாமாதான். எரிமலைப் படத்தில் எரிமலை அவருடைய தலைக்குத் தொப்பி. கடல் படத்தில் கடல், இரண்டு காதுக்கும் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சம்.

மாமாவும் ஞானாம்பிகை மாமியும் பதினெட்டு நாள் பிலிப்பைன்ஸ் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மாமாவுக்குச் சொந்தமான மூன்று மாடி வீட்டின் கீழ்மாடியில், சனிக்கிழமை பின்னேரம், சொந்தக்காரர் எல்லாருக்கும் கட்டாயப் படக்காட்சி. ஒருத்தரும் தப்பி ஓடாமல் இருக்க வடை.

அடுத்த படம். ஒரு வீட்டு முகப்பு முழுக்க நெற்கதிர், கத்தரிக்காய், கலர் கலராக வட்டம் வட்டமாக ஏதோ.

“உது என்ன அண்ணை, அப்பளமோ?” மாமாவின் தம்பி அருளம்பலம் கேட்டார்.

“அரிசியிலை செய்யிறது. திருவிழாவுக்கு வீட்டைச் சோடிச்சுப்போட்டு, பேந்து பொரிச்சுத் தின்னலாம். எங்கட சனம் ஒரு மாவிலை கட்டவே மூக்காலை அழும்.”

அடுத்த படம். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாழையிலையில் இருந்து நூடில்ஸை வாயாலேயே உறிஞ்சும் மாமா.

“அங்கத்தை முறை. கை படக்கூடாது.”

“ரெஸ்ரோறண்டிலை நான் கையாலை சாப்பிட்டா, ‘வெள்ளைக்காரன் பாக்கிறான், கரண்டியை எடு’ எண்டுவியளே?” என்றா மாமி.

“அது வேறை, இது வேறை.”

அடுத்த படம். ரோட்டோரம் நெருப்பில் ஒரு முழுப் பன்றி, தோல் முறுகி, மினுமினுவென்று.

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை,” என்றா மாமி, மெதுவாக. மாமா வெள்ளி விரதக்காரர்.

“அங்கைதான் வெள்ளி. மொன்றியலிலை அப்ப வியாழன். விரதம் தொடங்கின ஊர் எதுவோ, அந்த ஊர் நேரம்தான் கணக்கு.”

அடுத்த படத்தில் ஒரு வயதுபோன மனுசி, ஒரு துண்டை மாமாவின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு.

மாமா எழும்பி நின்றார். “இதைத்தான் சொல்ல வந்தனான். ரோட்டாலை போறன். இந்த மனுசி போனைப் பாக்குது, என்னைப் பாக்குது. பேந்தும் போனைப் பாக்குது. ஒரு சிரிப்பு! கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், முதல் துண்டு எனக்கு! ஆரெண்டே தெரியாத எனக்கு! என்ர முகத்திலை ஏதோ களை தெரிஞ்சிருக்கு.”

“எண்ணெய்க் களையாக்கும்,” என்றார் அருளம்பலம்.

“நக்கல் அடியாதை. பண்டி வாட்டிக்கொண்டு நிண்டவன், என்னைக் கண்ட உடனை பக்கத்திலை இருந்த தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளை ஓடிட்டான். அவங்கட மரியாதையாக்கும். பேந்து பாட்டு, மைக். நான் நாலு பாட்டுப் படிச்சனான்.”

“ஏழு,” என்றா மாமி.

“அங்கை ஒருத்தரும் கதவு பூட்டுறேல்லை. ஆர் வந்தாலும் சாப்பாடு. நாங்களும் இருக்கிறமே!”

கதவு மணி அடித்தது.

எலிசா. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற பிலிப்பைன்ஸ்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. ஊரைப் பார்த்து ஆறு வருசம். போன வருசம் தன் ஊர்த் திருவிழாவைப் பின்வளவில் வைத்தா. புகை, மணம், பாட்டு மூன்றும் மாமாவுக்கு ஒத்துவரவில்லை. பாதியில் நிறுத்திப்போட்டார்.

“சேர் சிவா,” என்றா எலிசா. அவ இங்கிலிஷில் சொன்னதை நான் எங்கட தமிழில் தாறன். “எங்கட ஊர்த் திருவிழாவை நாளைக்கு இங்கை வைப்பம் எண்டு இருக்கிறம். பின்வளவிலை ஒரு சின்ன அடுப்பு. எல்லாருக்கும் அந்த ஒரு நாள்தான் லீவு. நீங்கள் ஓம் எண்டால்தான்...”

மாமாவின் குரல் ஒரு நொடியில் சுற்றுலாப் பயணியில் இருந்து வீட்டுக்காரனாக மாறியது. “எலிசா, ஐ லவ் யுவர் பீப்பிள். ஆனா புகை மேலை போகும். சத்தம் பக்கத்து வீட்டை போகும். மணம் எங்கட சாமியறைக்குப் போகும்.”

“சாமியறையிலை இப்ப வியாழக்கிழமைதானே அண்ணை,” என்றார் அருளம்பலம்.

எலிசா இதொன்றையும் கேட்கவில்லை. ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றா.

“அட... அம்மா தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டா!”

அருளம்பலத்தின் வடை பாதி வழியில் நின்றது.

“ஆற்றை அம்மா?” என்றார் மாமா.

“என்ர அம்மா. உங்களுக்கு முதல் துண்டு தந்தவவோ சேர்? அப்பிடித்தான் நான் சொல்லி விட்டனான்.”

“எந்த ஊருக்குப் போறது எண்டு நான்தான் எலிசாவைக் கேட்டனான்,” என்று மாமி தேத்தண்ணிக்குள் பார்த்துச் சொன்னா.

மாமா கதிரையில் இருந்தார். எழும்பினார். படத்தைப் பார்த்தார். அதிலே அவருடைய வாய் இன்னும் திறந்தபடிதான் இருந்தது.

தொண்டையைச் செருமினார். “சரி, வையுங்கோ. முழு வளவையும் எடுங்கோ. நானும் மனுசன்தானே. புகையை மட்டும் கொஞ்சம் பாத்து...”

எலிசா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்தா. கண் மட்டும் சிரிக்காமல் வேறு வேலை பார்த்தது.

மாமாவுக்கு அதற்குள் பழைய மிடுக்கு வந்துவிட்டது. கொலரை இழுத்துவிட்டார்.

“அதுசரி, அவ்வளவு சனத்துக்குள்ளை உங்கட அம்மா என்னை எப்பிடி மட்டுக்கட்டினவ? என்ர படம் அனுப்பினனீரோ? கோட் போட்டு நிக்கிறதோ?”

“இல்லை சேர். உங்கட படம் என்னட்டை ஒண்டுதான் இருந்தது. போன வருசம் ஹோஸ் பைப்பாலை எங்கட அடுப்புக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு நிக்கிறது.”