உம் கொட்டும் செயலி

பவானியிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் அழைப்பார். அந்த நேரத்தில்தான் தேனரசிக்கு ஓசூர் பேட்டரி ஆலையில் வேலை. தனியாக இருக்கும் மனிதருக்கு மறுமுனை வெறிச்சென்று இருக்கக் கூடாதே என்று, தன் குரலிலேயே பொருத்தமான இடத்தில் 'உம்' கொட்டும் ஒரு செயலியை வைத்திருந்தாள்.

இன்று விடுமுறை. அவளே எடுத்தாள்.

"கட்டுப் பிரிச்சாச்சு கண்ணு. பார்வை நல்லாத் தெரியுது."

"என்ன கட்டுங்ப்பா?"

"கண் ஆபரேஷன். போன வாரமே சொன்னேன். நீயும் உம்முன்னு கேட்டுக்கிட்ட."

"அது நான் இல்லீங்ப்பா."

"தெரியும். நீ என்னைக்கு என்னை முழுசாப் பேச விட்டிருக்க? அது ஆறு மாசமா ஒருக்காகூடக் குறுக்க பேசல."

"தெரிஞ்சுமா தினமும் பேசுனீங்க?"

"குரல் உன்னுதாச்சே."

அவள் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, மொதல்லருந்து சொல்றேன். காலையில ஆறு மணி பஸ்ஸப் புடிச்சு ஈரோட்டுல எறங்குனனா, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு…"

"தனியாவா போனீங்க?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.